மடிப்பு கண்ணுக்குத் தெரிந்தது, நகத்துக்குத் தட்டுப்படவில்லை

நியூஜெர்சிக்கு வந்த பிறகு, அலுவலக நண்பர் ஒருவர் மூலம்தான் பழைய பேஸ்பால் கார்டு சேர்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. அதிலும் டி206 வரிசை என்றால் உயிர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் வைத்துக் கொடுத்த, பேஸ்பால் ஆட்டக்காரர் படம் போட்ட சின்னஞ்சிறு கார்டுகள். 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விலைபோன ஹோனஸ் வாக்னர் கார்டும் இந்த வரிசைதான்.

போன வருடம் இணைய ஏலம் ஒன்றில் டை காப் என்ற ஆட்டக்காரரின் கார்டு வந்தது, சிவப்புப் பின்னணி கொண்டது. "தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது, திருப்பி வாங்க மாட்டேன்" என்று விற்பவர் எழுதியிருந்தார். மழுங்கிய மூலைகள், தோளுக்குக் குறுக்கே ஒரு மடிப்பு, கீழே தேநீர் நிறத்தில் ஒரு கறை. அந்தப் பழமைதான் என்னை இழுத்தது. அடிபட்ட அசலே ஆயிரம் டாலரைத் தாண்டும். இது 340க்கு முடிந்தது.

கார்டு கைக்கு வந்த இரவு, மடிப்பின் மேல் நகத்தை மெல்ல இழுத்தேன். வழவழவென்று போனது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன், பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. மடிப்பே அச்சில் வந்த படம்! யாரோ ஓர் அசல் கார்டை ஸ்கேன் செய்து அச்சடித்திருக்கிறார்கள்; அதன் மடிப்பும் கறையும் கூடவே வந்துவிட்டன. வயிறு கலங்கிவிட்டது.

அப்புறம் கார்டில் அச்சாகியிருக்கும் ஆட்டக்காரர் பெயரைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். அசலில் அந்தப் பழுப்பு எழுத்து ஒரே மையில் திட்டமாக நிற்கும். இதில் பல நிறப் புள்ளிகள் கூடி எழுத்து மாதிரி தெரிந்தன. படத்துக்குள் புள்ளி இருப்பது தப்பில்லை, அந்தக் காலத்து லித்தோ அச்சிலும் உண்டு. எழுத்தையும் படத்தைச் சுற்றிய கோட்டையும்தான் பார்க்க வேண்டும். அறையை இருட்டாக்கி யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால் தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. தாளுக்கு வெண்மை கூட்டும் அந்த ரசாயனம் 1909இல் கிடையாது. ஒளிரவில்லை என்பதற்காக அசல் என்று நம்பிவிடவும் கூடாது. பழைய தாளில் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

படங்களோடு புகார் கொடுத்து, மூன்று வாரத்தில் பணம் திரும்பி வந்தது.

தரம் பார்க்கும் நிறுவனம் மதிப்பெண் போட்டு, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் கார்டு என்றால் பயமில்லை என்று நினைத்திருந்தேன். என் நண்பருக்கு வந்ததில் உறையே போலி. உறையில் இருந்த சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டால் சரியாகத்தான் வந்தது. வேறொருவரின் அசல் கார்டு எண்ணைத் திருடி ஒட்டியிருந்தார்கள். பதிவில் இருந்த படத்தோடு ஒப்பிட்டபோதுதான், வெள்ளை ஓரத்தின் அகலம் ஒத்துப்போகாதது தெரிந்தது.

இப்போது ஏலம் கேட்கும் முன் விற்பவரிடம் இரண்டு படம் கேட்கிறேன்: பின்பக்கம் ஒன்று, கார்டைச் சாய்த்து ஒளி பட எடுத்தது ஒன்று. இரண்டு மாதம் முன்பு இன்னொரு டை காப் வந்தது. வேறு பெயரில் விற்பவர், வேறு ஊர். தோளுக்குக் குறுக்கே அதே மடிப்பு, கீழே அதே கறை. சாய்த்து எடுத்த படம் கேட்டேன். பதில் வரவில்லை. ஏலத் தளத்துக்கு என் பழைய படங்களை அனுப்பினேன், மறுநாள் அந்த ஏலத்தையே எடுத்துவிட்டார்கள்.