டெலவேர் ஆற்றை நின்றபடியே கடந்தவர்கள்

அமெரிக்க விடுதலைப் போரின்போது, அக்கரையில் ட்ரென்டன் ஊரில் இருந்த எதிரிப்படையைத் தாக்க 1776 டிசம்பர் 25 இரவு ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடந்த துறை பென்சில்வேனியா கரையில் இருக்கிறது. ஊரின் பெயரே வாஷிங்டன் கிராஸிங். ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அன்று, அந்தக் காலத்துப் படைவீரர் உடையில் ஆட்கள் படகேறி அக்கரைக்குப் போய்க் காட்டுவது வழக்கம். நாங்கள் போன ஆண்டு காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை. அணிவகுப்பும் பேச்சும்தான். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டப்பகலில் இந்தக் காற்றுக்கே பயந்து படகைக் கட்டிவைக்கிறார்கள். வாஷிங்டனின் ஆட்களோ நள்ளிரவில், பனிக்கட்டிகள் மிதந்து வரும் ஆற்றில், சுமார் 2,400 பேரையும் 18 பீரங்கிகளையும் அக்கரை சேர்த்திருக்கிறார்கள்.

அன்று அவர்கள் கடந்த டர்ஹம் வகைப் படகின் மாதிரிகள் அங்கே உண்டு. நாற்பது அடிக்கு மேல் நீளம், கறுப்பு வண்ணம், உயர்ந்த பக்கப் பலகைகள். உள்ளே எட்டிப் பார்த்தால் பயணிகள் உட்கார இடமே இல்லை. இரும்பு ஏற்றுவதற்கென்று கட்டிய சரக்குப் படகு, வேறென்ன இருக்கும்? வாஷிங்டன் படகில் விறைத்து நிற்கும் 1851ஆம் ஆண்டு ஓவியத்தைப் பார்த்து, 'எவனாவது படகில் எழுந்து நிற்பானா?' என்று கேலி செய்யாதவர்கள் குறைவு. ஓவியத்தில் பறக்கும் கொடிதான் தவறு. அது 1777இல் வந்தது. நிற்பதில் தவறில்லை, படைவீரர்களும் நின்றுதான் போயிருப்பார்கள்.

படகைச் செலுத்தியவர்களில் பலர் மாசசூசெட்ஸ் கடலோர மார்பிள்ஹெட் ஊர் மீனவர்கள், ஜான் குளோவரின் படைப்பிரிவு. என்னைக் கேட்டால் அன்றைய வெற்றியில் பாதி அவர்களுடையது. ஆனாலும் நள்ளிரவுக்குள் முடியவேண்டிய வேலை அதிகாலை மூன்று மணி வரை இழுத்தது. வேறிரு இடங்களில் கடக்க வேண்டிய படைகளால் திட்டப்படி வந்து சேரவே முடியவில்லை. இருட்டில் தாக்கும் எண்ணமும் போயிற்று. ஒன்பது மைல் நடந்து ட்ரென்டனை எட்டியபோது காலை எட்டு மணி. வழியில் இருவர் குளிரில் விறைத்து இறந்துபோனார்கள். தாமதப்படுத்திய அதே பனிப்புயல்தான் எதிரி காவலர்களின் கண்ணையும் மறைத்தது.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் குடியில் மயங்கிக் கிடந்த ஹெஸ்ஸியரை அடித்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது கட்டுக்கதை. கர்னல் ரால் தலைமையில் இருந்த பிரிட்டனுக்காகப் போரிட்ட அந்தச் சுமார் 1,500 ஜெர்மானியக் கூலிப்படையினர், பல நாள்களாக ஓயாத சில்லறைத் தாக்குதல்களால் தூக்கமின்றிச் சோர்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். சண்டை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சுமார் 900 பேர் சிறைப்பட்டார்கள். ரால் காயம்பட்டு இறந்தார். அமெரிக்கத் தரப்பில் காயமடைந்த சிலரில் ஒருவர், பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் மன்றோ. வாஷிங்டனுக்கு வேறு வழியும் இல்லை: டிசம்பர் 31 உடன் அவருடைய வீரர்களில் பெரும்பாலோரின் பணிக்காலம் முடிகிறது. ஜனவரியில் தாக்கப் படை இருந்திருக்காது.

போகிறவர்கள் கையுறையும் நல்ல காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். படகு விடுகிறார்களா என்று காலையிலேயே விசாரித்துவிடுங்கள். ஆற்றைப் பார்த்ததும் திரும்பிவிடாமல் ட்ரென்டனுக்கும் போய்வாருங்கள். சண்டை நடந்த அன்றைய கிங் தெருதான் இன்றைய வாரன் தெரு. தெருக்கள் கூடும் மேட்டில், அமெரிக்கர்கள் பீரங்கிகளை நிறுத்திய இடத்தில், 1893இல் எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. அங்கிருந்து சரிவைப் பார்த்தால், கீழே அணிவகுக்க முயன்ற ஹெஸ்ஸியருக்கு ஏன் ஒதுங்க இடமில்லாமல் போனது என்பது தானாகப் புரியும்.