சூடேறினால் மட்டும் உதறும் பழைய வேன்: இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்

கேட்டவர்:
வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் 2013 மாடல் பெட்ரோல் வேன் ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினேன். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர். விடியற்காலையில் நிலக்கோட்டையில் மல்லிகை ஏற்றித் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் இறக்குவதுதான் என் பிழைப்பு.

காலையில் எந்தக் குறையும் இல்லாமல் கிளம்புகிறது. இருபது நிமிடம் ஓடிச் சூடேறியபின் எங்காவது நின்றால் போதும், வண்டியே ஆடும்படி உதறுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அடங்கிவிடுகிறது. ஸ்கேனரில் பி0302 என்ற பிழைக் கோடு வந்தது. பட்டறையில் நான்கு ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று மாற்றி 7,400 ரூபாய் வாங்கினார்கள். உதறல் அப்படியே இருக்கிறது. இப்போது பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் (பெட்ரோல் இன்ஜின் மெக்கானிக்):
தம்பி, இன்ஜெக்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று மட்டுமே பொருள். காரணத்தை நாம்தான் தேட வேண்டும், அதற்குப் புதுப் பொருள் ஒன்றும் தேவையில்லை. இரண்டாவது காயிலை மூன்றிலும், மூன்றாவதை இரண்டிலும் மாட்டுங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை, பிறகு இன்ஜெக்டரை இதேபோல் இடம் மாற்றுங்கள். எதற்கும் அசையாவிட்டால் சூடான இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். ஆறிய இன்ஜினில் பார்த்தால் உங்கள் குறை ஒளிந்துகொள்ளும்.

ஒன்று முக்கியம். இன்ஜின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுப் பாழாக்கிவிடும்.

கேட்டவர்:
அண்ணா, வேறொரு பட்டறையில் மூன்றையும் இடம் மாற்றிப் பார்த்தோம். கோடு இரண்டிலேயே நிற்கிறது. சூட்டில் கம்ப்ரஷன்: 175, 105, 170, 172 பிஎஸ்ஐ. இரண்டாவதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் 110க்கு மேல் ஏறவில்லை. மறுநாள் காலை ஆறிய இன்ஜினில் அதே சிலிண்டர் 155 காட்டியது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில் (வேன் ஓட்டுநர்):
இந்த வண்டி முன்பு கேஸில் ஓடியதா? பின் சீட்டுக்கு அடியில் தேவையில்லாத போல்ட் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தையும் படியுங்கள். விற்கும்போது கேஸ் கிட்டைக் கழற்றிவிடுவார்கள், தடம் மிஞ்சும்.

கேட்டவர்:
நான்கு துளைகள் இருக்கின்றன! ஆர்சியில் பெட்ரோல்/எல்பிஜி என்றே இருக்கிறது. வாங்கும்போது நான் கவனிக்கவே இல்லை.

பதில் (மெக்கானிக்):
அப்படியானால் வழி தெரிந்துவிட்டது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்தக் கசிவை அடைத்து அழுத்தத்தை ஏற்றியிருக்கும். ஏறாததால் ரிங் மீது சந்தேகம் இல்லை. கேஸில் நெடுநாள் ஓடினால் வால்வு உட்காரும் சீட் தேய்ந்து, வால்வு மேலேறி, டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் விடும் சிறு இடம்) குறைந்துகொண்டே வரும். சூட்டில் வால்வு நீளும்போது அந்த மிச்ச இடைவெளியும் போய்விடும். வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ஆறியதும் மறுபடி மூடிக்கொள்ளும், அதனால்தான் காலையில் சமர்த்தாக ஓடுகிறது. ஓட்டத்தில் கசிவதற்கு நேரம் குறைவு, ஆகவே மிதித்தால் அடங்குகிறது.

ஹெட்டைத் தொட வேண்டாம். முதலில் வால்வு மூடியைத் திறந்து, அந்த இன்ஜினுக்குரிய அளவில் எட்டு டேப்பெட்டோ பதினாறோ, எத்தனை இருந்தாலும் எல்லாவற்றையும் மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் பார்க்கச் சொல்லுங்கள். இடைவெளி வைத்தபின்னும் சூட்டில் 105தான் என்றால் வால்வு கருகியிருக்கிறது, அப்போது ஹெட்டை இறக்கலாம்.

கேட்டவர்:
இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. நான்காவதிலும் இடைவெளி குறைவு. எல்லாவற்றையும் அளவுக்குக் கொண்டுவந்து, மூடியின் கேஸ்கெட்டும் மாற்றி 1,600 ரூபாய் ஆனது. சூட்டில் இரண்டாவது இப்போது 168. பன்னிரண்டு நாளாகப் பூ ஏற்றுகிறேன், உதறல் இல்லை, விளக்கும் வரவில்லை. இருவருக்கும் என் வீட்டார் அனைவரின் நன்றி.

பதில் (மெக்கானிக்):
மகிழ்ச்சி, தம்பி. 5,000 கிலோமீட்டரில் அந்த இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளை மட்டும் மறுபடி அளந்து எழுதுங்கள். இடைவெளி நின்றிருந்தால் கவலையில்லை. மீண்டும் குறைந்திருந்தால் சீட் வேலைக்கு இப்போதிருந்தே கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.