மோஷன் சென்சார் சரியாக வேலை செய்ய என்ன வழி?

வேலூரில் எங்கள் வீட்டு மாடிப்படியிலும் பின்கட்டிலும் பேட்டரியில் ஓடும் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை) மோஷன் சென்சார் வைத்து, வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருளில் இணைத்திருக்கிறேன். படிக்கட்டில் பகலிலும் இருட்டுதான். மதியம் வெப்பம் 36, 37 டிகிரியைத் தொட்டால் ஆள் ஏறினாலும் லைட் எரிவதில்லை. உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே இதில் உள்ள பிஐஆர் (வெப்பத்தை வைத்து அசைவை உணரும் பகுதி) பார்க்கிறது, மே மாதத்தில் அது பாவம் என்ன செய்யும்? அம்மா கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டே ஏறுகிறார்.

பெரிய தலைவலி பின்கட்டு சென்சார்தான். அடிக்கடி தொடர்பு அறுந்துவிடுகிறது; நடுவில் இரண்டு கனமான சுவர். குறுக்கீடு குறையட்டும் என்று, ஜிக்பீ சிக்னலை வாங்கும் யூஎஸ்பி டாங்கிளை யூஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து எடுத்து, நீட்டிப்பு ஒயரில் தள்ளி வைத்தேன். இரண்டு சிக்னலும் மோதாமல் இருக்க வைஃபையை சேனல் 1க்கும் ஜிக்பீயை 25க்கும் மாற்றினேன். கொஞ்சம் தேவலை. சிக்னலைக் கடத்த நடுவில் ஒரு ஸ்மார்ட் பிளக்கும் போட்டேன். ஆனால் கரண்ட் போனால் அதுவும் போய்விடுகிறது. கரண்ட் வந்த பிறகும் சென்சார் தானாகச் சேர்வதில்லை, பட்டனை அழுத்தி மறுபடி இணைக்க வேண்டியிருக்கிறது.

அந்த பிளக்கை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினால் போதுமா? அப்புறம், படிக்கட்டுக்கு, வெப்பத்துக்குப் பதில் ரேடியோ அலையால் ஆளை உணரும் எம்எம்வேவ் ரேடார் சென்சார் சரிவருமா? பக்கத்தில் சீலிங் ஃபேன் ஓடுகிறது, அதையே ஆள் என்று எடுத்துக்கொள்ளுமோ என்று யோசனை. ஒயர் இழுக்கத் தயார். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.