ராயல் சொசைட்டிக்கு அவ்வளவு பெருமை தகுமா?

கூழாங்கல்:

முதுகலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அவர்களிடையே புழங்கும் கையேடுகளில் இங்கிலாந்தின் 1660க்குப் பிந்தைய காலத்தைப் பற்றி ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது: "அரசியல் மாற்றமும் அறிவியல் எழுச்சியும் இலக்கியத்தை மாற்றின." எது எதை மாற்றியது, எப்படி மாற்றியது என்று ஒருவரும் சொல்வதில்லை. என் கட்சியை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

நாடகத்தை விட்டுவிடுங்கள். 1642இல் நாடாளுமன்றம் அரங்குகளை மூடியது, உள்நாட்டுப் போரும் குடியரசும் முடிந்து 1660இல் அரசர் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்ததும் திறந்தன, பெண் வேடத்தில் பெண்களே மேடையேறினார்கள். அது அரசியல்தான், சண்டையில்லை. நான் பேசுவது உரைநடையைப் பற்றி. அதை மாற்றியது அறிவியல்.

1660 நவம்பரில் லண்டன் கிரெஷாம் கல்லூரியில் பன்னிரண்டு பேர் கூடிப் பேசியதில் தொடங்கியது ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம். 1662இல் அரசரின் சாசனம் கிடைத்தது. 1664 டிசம்பரில் ஆங்கில மொழியைச் சீர்ப்படுத்தவென்றே ஒரு குழு அமைத்தார்கள். கவிஞர் டிரைடன் அதில் ஓர் உறுப்பினர். 1667இல் தாமஸ் ஸ்பிராட் சங்கத்தின் வரலாற்றை எழுதினார். (ஏழு வயதுக் குழந்தைக்கு வாழ்க்கை வரலாறு!) அதில் அவர் சொல்வது இதுதான்: எங்கள் உறுப்பினர்கள் பேச்சில் வீக்கமும் பூச்சும் கூடாது, கணிதத்துக்குரிய தெளிவு வேண்டும், புலவர்களின் மொழியைவிடக் கைவினைஞரும் நாட்டுப்புறத்தாரும் வணிகரும் பேசும் மொழியே எங்களுக்கு உகந்தது.

இதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய, கவிஞரும் பாதிரியாருமான ஜான் டன்னின் பிரசங்கம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். வாக்கியம் படி ஏறிக்கொண்டே போகும், நமக்கு மூச்சு வாங்கும். பிறகு 1668இல் வந்த டிரைடனின் நாடகக் கவிதை பற்றிய கட்டுரையைப் படியுங்கள். நாலு பேர் படகில் போய்க்கொண்டே பேசுகிறார்கள். இன்றும் புரிகிறது.

நம்பாதவர்களுக்கு என் கடைசிச் சாட்சி ஜோசப் கிளான்வில். 1661இல் ஒரு நூல் எழுதினார். முழுக்கப் பழைய அலங்கார நடை. ராயல் சொசைட்டியில் சேர்ந்த பிறகு 1665இல் அதையே திருத்தி வெளியிட்டார். 1676இல் மூன்றாம் முறை சுருக்கி எழுதியபோது உருவகங்கள் உதிர்ந்துபோயின, சொற்கள் பாதியாகிவிட்டன. ஒரே ஆள், ஒரே கருத்து, மூன்று நடை. 1930இல் ஆர்.எஃப். ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டியபின் இதற்கு நேரான மறுப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

மலைக்கோட்டை:

ஐயா, நல்ல வழக்கு. ஆனால் குற்றம் நடந்த நேரத்தில் உங்கள் ஆள் பிறக்கவே இல்லை.

1641இல் நட்சத்திர மன்றம் என்ற அரச நீதிமன்றம் ஒழிந்தது. அதோடு தணிக்கையும் குலைந்தது. அச்சகங்கள் பொரிந்து தள்ளின. ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை கையில் கிடைத்த துண்டுப் பிரசுரங்களையும் செய்தித்தாள்களையும் சேர்த்து வைத்தார். ஏறக்குறைய 22,000! இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இவற்றை எழுதியவர்களுக்கு லத்தீன் வாக்கியம் கட்ட நேரமும் இல்லை, படிப்பவர்களுக்கு அதைப் பிரித்துப் பார்க்கப் பொறுமையும் இல்லை. தரிசு நிலத்தில் ஏழைகளைக் கூட்டிப் பயிர் வைத்த வின்ஸ்டன்லி 1649இல் எழுதியதைப் பாருங்கள். சுற்றி வளைக்காத ஆங்கிலம். அவருக்கு எந்தச் சொசைட்டி பாடம் எடுத்தது?

ஸ்பிராட்டுக்கு வருவோம். உருவகத்தின் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம்? அவரே சொல்கிறார்: உள்நாட்டுப் போரின்போது சமயக் குழுக்கள் விசித்திரச் சொற்களை மொழியில் கொண்டுவந்து கொட்டிவிட்டன என்று. அதாவது சோதனைக்கூடத்தின் தேவை மட்டும் அவரைப் பேசவைக்கவில்லை. அரசனின் தலையை வெட்டிய நாடு அது. 'தேவன் எனக்குள் பேசுகிறார்' என்று முழங்கியவர்கள் வாளோடு நின்ற இருபது ஆண்டுகளை அவர் பார்த்திருக்கிறார். 1651இல் தத்துவவாதி ஹாப்ஸ் இன்னும் வெளிப்படையாகவே எழுதினார்: உருவகங்கள் சதுப்பு நிலத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுகள், அவற்றின் பின்னே போனால் சச்சரவும் கலகமும்தான் மிஞ்சும். ஹாப்ஸை ராயல் சொசைட்டி கடைசிவரை உறுப்பினராக்கவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. 1659இல் லண்டனில் ஒரு சிறு தொகுப்பு அச்சானது. அரசன் இல்லாத இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல் இறந்ததற்கான இரங்கற்பாக்கள் மூன்று. எழுதியவர்கள் வாலர், டிரைடன், ஸ்பிராட். ஐந்தாண்டு கழித்து நீங்கள் போற்றும் அந்த மொழிக் குழுவில் இதே மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மீண்டு வந்த அரசரின் ஆதரவில். நேற்று பாடியதை மறக்க விரும்புகிறவர்கள் 'இனிமேல் நாம் உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம்' என்று சொல்வது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

தேன்மொழி:

இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறீர்கள்: விஞ்ஞானிகள் எளிமையாக எழுதினார்கள் என்பதில். நீங்கள் ராபர்ட் ஹூக்கைப் படித்ததுண்டா? 1665இல் வந்த 'மைக்ரோகிராஃபியா', நுண்ணோக்கியில் கண்டவற்றைச் சொல்லும் நூல். அதில் தெள்ளுப்பூச்சி மெருகேற்றிய கறுப்புக் கவசம் பூண்டு நிற்கிறது. பக்கம் போதாமல் மடித்து வைத்த பெரிய படம் வேறு. கடற்படை அலுவலர் பெப்பீஸ் இதை இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து படித்துவிட்டு, தன் வாழ்நாளில் படித்ததிலேயே இதைப்போலச் சாமர்த்தியமான புத்தகம் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். கணிதத் தெளிவுக்காகவா ஒருவர் தூக்கம் கெடுவார்?

அறிவியல் இலக்கியத்துக்குக் கொடுத்தது நடையை அல்ல, பார்வையை. ஹூக்கின் நூல் ஊசி முனையில் தொடங்குகிறது. நுண்ணோக்கியின் கீழ் அது மழுங்கி, கரடுமுரடாக, குழி விழுந்து கிடக்கிறது. அச்சில் வைத்த முற்றுப்புள்ளி கரி அப்பிய திட்டுப்போல் தெரிகிறது. கூர்மை, வட்டம் என்று நாம் நம்புவதெல்லாம் தூரத்தைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. இந்தக் கண் இல்லாமல் 1726இல் ஸ்விஃப்ட் 'கலிவரின் பயணங்களில்' வரும் அரக்கர் நாட்டை எழுதியிருக்க முடியாது. அழகிய பெண்ணின் தோலை அருகில் பார்த்துக் கலிவர் குமட்டுகிற இடம், ஹூக்கின் ஊசிதான்.

மில்டனையும் பாருங்கள். அவருடைய காப்பியமான 'பாரடைஸ் லாஸ்ட்' முதல் காண்டத்தில் சாத்தானின் கேடயம் கலிலியோ தொலைநோக்கியில் பார்த்த நிலாவைப்போல் இருக்கிறது. அதே காண்டத்தில் சற்றுத் தள்ளி, கிரகணம் மன்னர்களை மாற்றத்தின் அச்சத்தால் கலங்க வைக்கிறது என்று ஓர் உவமை. தணிக்கையாளர் இந்த இடத்தில் முகம் சுளித்தார் என்று மில்டனின் வாழ்க்கையை எழுதிய டோலண்ட் சொல்கிறார். நிலாவைத் தொலைநோக்கியில் பார்க்க அனுமதி உண்டு, சூரியன் மறைவதைச் சொல்ல அனுமதி இல்லை! இந்த இரண்டு உவமைகளையும் வகுப்பில் அடுத்தடுத்து வைத்தாலே உங்கள் கையேட்டு வரிக்கு உயிர் வந்துவிடும், ஐயா.

கூழாங்கல்:

ஹூக்கை மறந்தது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெள்ளின் கவசமும் டன்னின் உருவகமும் ஒன்றா? காதலர் இருவரைக் கவராயத்தின் இரு கால்கள் என்று டன் சொல்லும்போது நாம் அவருடைய புத்தியை வியக்கிறோம். ஹூக் கவசம் என்று சொல்லும்போது நாம் பூச்சியைப் பார்க்கிறோம். அவர் உவமை கண்ணுக்குச் சேவகம் செய்கிறது. அந்த ஒழுக்கத்தைத்தான் நான் அறிவியல் என்கிறேன்.

மலைக்கோட்டை தம்பிக்கு: துண்டுப் பிரசுரங்களை நானும் கொஞ்சம் புரட்டியிருக்கிறேன். வின்ஸ்டன்லி ஒருவரைக் காட்டி 22,000க்கும் ஜாமீன் கொடுக்காதீர்கள். வசை, தீர்க்கதரிசனம், வேதாகம வசனங்களின் அடைமழை, எல்லாம் அதில் உண்டு. கிளான்வில்லைப் பற்றி ஏன் இன்னும் வாய் திறக்கவில்லை?

மலைக்கோட்டை:

திறக்கிறேன். கிளான்வில் யார்? பாத் நகரத்துப் பாதிரியார். 1672 முதல் அரசரின் குருமார்களில் ஒருவர். பிரசங்கம் எளிமையாக இருக்க வேண்டும் என்று 1678இல் தனிக் கட்டுரையே எழுதியவர். அரசுத் திருச்சபையின் குருமார்கள் அப்போது எளிய நடையைத் தூக்கிப்பிடித்தது எதிராளிகளான, திருச்சபையை இன்னும் தூய்மைப்படுத்தச் சொன்ன பியூரிட்டன் பிரசங்கிகளை 'வெறி பிடித்தவர்கள்' என்று ஒதுக்குவதற்காகவும்தான். ஆகவே அந்த மூன்று நடைகளில் சோதனைக்கூடத்தின் பங்கு எவ்வளவு, பிரசங்க மேடையின் பங்கு எவ்வளவு? உங்கள் சாட்சி என் பக்கமும் பேசுவார். (அவரே சூனியக்காரிகள் உண்டு என்று வாதாடியும் எழுதினார். அறிவியல் தெளிவு!)

அந்த மொழிக் குழு சில முறை கூடியது, பிறகு சுவடில்லாமல் கரைந்தது. டிரைடனைச் சந்தா பாக்கிக்காகச் சொசைட்டி 1666இல் நீக்கிவிட்டது. தெளிவாக எழுத யாரிடம் கற்றேன் என்று அவர் நன்றி சொன்னது எந்த விஞ்ஞானிக்கும் அல்ல. திலட்சன் என்ற பிரசங்கியின் பெயரைத்தான் அவர் சொன்னதாக நண்பர் காங்கிரீவ் பதிவு செய்திருக்கிறார்.

கூழாங்கல்:

திலட்சனும் ராயல் சொசைட்டி உறுப்பினர்தான், தம்பி.

மலைக்கோட்டை:

பேராயரும்கூட!

பழைய வாத்தியார்:

நாலு நாளாக வேடிக்கை பார்க்கிறேன். அரசவையும் சங்கமும் மாறி மாறி வருகின்றன. அந்த நூற்றாண்டின் எளிய ஆங்கிலத்தில் அதிகம் பேர் படித்த புத்தகத்தின் பெயர் மட்டும் வரவில்லை. ஜான் பன்யன். பாத்திரங்களுக்கு ஒட்டுப் போடும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 நவம்பரில் பிடித்தார்கள். கவனியுங்கள், கிரெஷாம் கல்லூரியில் பன்னிரண்டு பேர் கூடிய அதே மாதம். பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள். 1678இல் வந்தது 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்', மோட்சப் பயணத்தின் கதை. அவர் நடை வேதாகமத்திலிருந்தும் தெருவிலிருந்தும் வந்தது. ஸ்பிராட் கேட்ட கைவினைஞரின் மொழி இதுதான். ஆனால் ஸ்பிராட் அதைக் கேட்டபோது அந்த அரசு அந்தக் கைவினைஞரை உள்ளே வைத்திருந்தது.

அவர் எழுதியது முழுக்க முழுக்க உருவகக் கதை என்பதையும் பாருங்கள். ஹாப்ஸின் கொள்ளிவாய்ப் பிசாசு இங்கே வழிகாட்டுகிறது. எளிமைக்கும் உருவகத்துக்கும் பகை என்ற உங்கள் இருவரின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது.

நம் பக்கத்து வேடிக்கை ஒன்றும் உண்டு. இந்தக் கதையைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். அந்தப் பாத்திரத் தொழிலாளியின் உரைநடை தமிழுக்கு வந்தபோது கம்பன் சாயலில் விருத்தங்களாகிக் காப்பியக் கோலம் பூண்டது. மாணவனாக இருந்தபோது தமிழை முதலில் படித்துவிட்டு ஆங்கிலத்தைத் திறந்தேன். இவ்வளவு வெறுங்காலோடு ஒரு நூல் நடக்க முடியுமா என்று திகைத்தது நினைவிருக்கிறது.

தேன்மொழி:

வணக்கம் ஐயா. சிறைக்குள் பன்யன் என்றால், சிறைக்கு வெளியே அச்சகங்களின் கதி என்ன என்பதையும் சொல்ல வேண்டும். 1662இல் மீண்டும் தணிக்கைச் சட்டம். 1664இல் ஜான் ட்வின் என்ற அச்சகக்காரரை, அரசனை எதிர்த்து மக்கள் எழலாம் என்று சொன்ன ஒரு பிரசுரத்தை அச்சடித்ததற்காகக் கொன்றார்கள். அவர் அதை எழுதவில்லை, அச்சுக் கோத்தார், அவ்வளவுதான். அந்த ஆண்டு டிசம்பரில்தான் மொழிக் குழு அமைந்தது. தெளிவாக எழுதச் சொன்ன ஊரில் எதைத் தெளிவாக எழுதலாம் என்பதற்கு எல்லைக்கோடு இருந்தது. 1681இல் டிரைடன் அரசுரிமைச் சண்டையைப் பாட வேண்டி வந்தபோது வேதாகமத்துத் தாவீதும் அப்சலோமும் வேடம் போட்டு வந்தார்கள். கட்டுரையில் அவ்வளவு தெளிவான டிரைடன்!

ஹூக்கை இழுத்துவந்தவள் நான், அவர் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். 1676இல் ஷாட்வெல் எழுதிய நாடகத்தில் ஒரு விஞ்ஞானி மேசை மேல் குப்புறப் படுத்து நீச்சல் பழகுகிறார். தண்ணீரில் இறங்க மாட்டாராம், கோட்பாடு போதுமாம். ஹூக் நேரில் போய்ப் பார்த்தார். அரங்கில் இருந்தவர்கள் தன்னையே கிட்டத்தட்ட விரல் நீட்டிக் காட்டியதாக நாட்குறிப்பில் குமுறினார். அறிவியல் இலக்கியத்தை மாற்றியது என்கிறீர்களே, இலக்கியம் அறிவியலுக்குச் செய்த மரியாதை இது.

கூழாங்கல்:

கையேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மொழிக் குழுவைப் பற்றிய பத்தியை அடித்துவிட்டேன். அது அவ்வளவு கனம் தாங்காது. பன்யன் உள்ளே வருகிறார். மில்டனின் இரு உவமைகளும் வருகின்றன, தேன்மொழி அம்மாவுக்கு நன்றி. 'ராயல் சொசைட்டி எளிய நடையை உருவாக்கியது' என்ற வரி, 'பலரும் பல காரணங்களுக்காக எழுதத் தொடங்கிவிட்ட நடைக்கு ராயல் சொசைட்டி கௌரவம் கொடுத்தது' என்று ஆகிவிட்டது.

கிளான்வில்லை மட்டும் எடுக்க மாட்டேன். பாதிரியாராக இருந்தாலும் அவர் திருத்தியது பிரசங்கத்தை அல்ல, அறிவின் எல்லையைப் பற்றிய நூலை.

மலைக்கோட்டை:

இருக்கட்டும் ஐயா. பக்கத்திலேயே அந்த 1659 இரங்கற்பாத் தொகுப்பின் பெயரையும் மூவரின் பெயரையும் அச்சிட்டுவிடுங்கள். மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.