ஏஜென்ட்கள் புல் ரிக்வெஸ்ட் திறக்கும் கருவி: ஆவணத்தில் எதை எழுதுவது?

கேள்வி (பனைமரம்):
ஏஐ ஏஜென்ட்களே கிட்ஹப்பில் கிளை உருவாக்கி, கமிட் செய்து, புல் ரிக்வெஸ்ட் (திருத்தங்களைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) திறக்க ஒரு சிறு கருவி வைத்திருக்கிறோம். எம்சிபி (ஏஜென்ட்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) சர்வராக ஓடுகிறது. இனி மற்ற குழுக்களும் பயன்படுத்தப் போகின்றன. ரீட்மீயில் நிறுவும் முறை மட்டுமே உள்ளது. அனுமதிகள், பிழைகள் பற்றி எவ்வளவு ஆழமாக எழுதணும்? கருவியைப் பற்றி ஏஜென்ட் படிக்கும் விவரிப்பையே மனிதர்களுக்கான ஆவணமாகவும் வைத்துக்கொள்ளலாமா?

பதில் (ஓடைக்கரை):
புல் ரிக்வெஸ்ட் யார் பெயரில் திறக்கும் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிடுங்க. பாதி சந்தேகங்கள் அங்கேதான் கிளம்பும்.

ஒருவருடைய சொந்த டோக்கனை (கணக்கை அணுகும் சாவி) கொடுத்தால் அவர்தான் ஆசிரியர். தான் திறந்ததை அவரே அப்ரூவ் செய்ய முடியாது. இரண்டு பேர் உள்ள குழுவில் பாதி ரிவியூ பலம் போச்சு.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (கிட்ஹப்பின் தானியங்கி வேலைகளை ஓட்டும் சேவை) தானாகத் தரும் டோக்கன் என்றால், புல் ரிக்வெஸ்ட் திறக்க ஆக்‌ஷன்ஸுக்கு அனுமதி தரும் அமைப்பை ரெப்போவிலோ நிறுவன அளவிலோ இயக்கியிருக்கணும். அதைச் செய்தாலும் சிஐ (தானியங்கி டெஸ்ட்கள்) வழக்கம்போல் தானாக ஓடாது. ஒரு வொர்க்ஃப்ளோ (தானியங்கி வேலை வரிசை) இன்னொன்றைக் கிளப்பி, அது முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க கிட்ஹப் வேண்டுமென்றே வைத்த தடை அது. ஆவணத்தில் இந்த வரி இல்லாவிட்டால் "டெஸ்ட் ஏன் ஓடலை?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாங்க.

என் பரிந்துரை கிட்ஹப் ஆப், அதாவது தனி அடையாளமும் அனுமதிகளும் கொண்ட செயலி. உள்ளடக்கத்துக்கும் புல் ரிக்வெஸ்ட்டுக்கும் எழுதும் அனுமதி, மெட்டாடேட்டாவுக்குப் படிக்கும் அனுமதி, இவ்வளவு போதும். வொர்க்ஃப்ளோ கோப்புகளை மாற்றத் தனி அனுமதி உண்டு. அதைத் தராதீங்க. ஏஜென்ட் அந்தக் கோப்பைத் தொட்டால் புஷ் மறுக்கப்படும், அது எதிர்பார்த்ததுதான் என்றும் எழுதிடுங்க. ஆப்பின் இன்ஸ்டலேஷன் டோக்கன் 1 மணி நேரத்தில் காலாவதியாகும். ஏஜென்ட் நீண்ட வேலையை முடித்துவிட்டுக் கடைசியில் புஷ் செய்யும்போது 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வருவது இதனால்தான். வேலை தொடங்கும்போது வாங்காமல், புஷ்ஷுக்குச் சற்று முன் புது டோக்கன் வாங்கணும்.

பதில் (நூல்கண்டு):
இரண்டாவது கேள்விக்கு: தனித்தனியாக வையுங்கள். கருவியின் விவரிப்பு ஒவ்வொரு முறையும் ஏஜென்ட்டின் சூழலில் (அது ஒரே நேரத்தில் படிக்கும் உரையில்) இடம் பிடிக்கும். அதில் நிறுவும் கதையெல்லாம் வேண்டாம். எப்போது அழைக்கலாம், எப்போது கூடாது, ஒவ்வொரு புலத்திலும் என்ன வடிவில் தர வேண்டும், பிழை வந்தால் அடுத்து என்ன செய்வது, இவை இருந்தால் போதும்.

பிழைகளில்தான் அதிக உழைப்பு தேவை. 422 (கோரிக்கையை ஏற்க முடியவில்லை) பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே கிளைக்கு ஏற்கெனவே ஒரு புல் ரிக்வெஸ்ட் திறந்திருக்கலாம், இரு கிளைகளுக்கும் இடையே கமிட் எதுவுமே இல்லாதிருக்கலாம், அடிப்படைக் கிளையின் பெயர் தப்பாக இருக்கலாம். "செல்லாத கோரிக்கை" என்று மட்டும் திருப்பினால், ஏஜென்ட் வேறு பெயரில் கிளை உருவாக்கி மறுபடி முயலும். ஒரே திருத்தத்துக்கு மூன்று நான்கு புல் ரிக்வெஸ்ட்கள் குவிந்துவிடும். அதனால் பிழைச் செய்தியே வழி சொல்ல வேண்டும்: "இந்தக் கிளைக்குத் திறந்த புல் ரிக்வெஸ்ட் உள்ளது, அதிலேயே கமிட் சேர்க்கவும்." அதன் எண்ணையும் கூடவே தாருங்கள்.

வேக வரம்பையும் எழுதுங்கள். உள்ளடக்கம் உருவாக்கும் கோரிக்கைகளுக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 80, மணிக்கு 500. மீறினால் 403 அல்லது 429 பிழை வரும். பதிலின் தலைப்பில் காத்திருப்பு நேரம் வந்தால் அதை அப்படியே மதிக்க வேண்டும்.

உள்ளே கிட்ஹப் சிஎல்ஐயை (கட்டளை வரிக் கருவி) ஷெல் வழியாக அழைக்கிறீர்களா? அப்படியானால் புல் ரிக்வெஸ்ட்டின் விளக்க உரையை இரட்டை மேற்கோளுக்குள் நேரடியாகத் தராதீர்கள். அதில் உள்ள பேக்டிக் (`) குறிகளை ஷெல் கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். உரையைக் கோப்பில் எழுதி, அந்தக் கோப்பைக் கொடுப்பதே பாதுகாப்பு.

பதில் (ஓடைக்கரை):
ஒன்று விட்டுப்போச்சு. "மெயின் கிளைக்கு புஷ் செய்யாதே" என்று விவரிப்பில் எழுதுவது வேண்டுகோள் மட்டுமே. இஷ்யூவில் (பிழை அல்லது பணிப் பதிவில்) யாரோ எழுதிய வரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏஜென்ட் அதை மீறலாம். கிளைப் பாதுகாப்பு விதி இருந்தால்தான் உண்மையான தடை. எவற்றை கிட்ஹப்பே தடுக்கிறது, எவற்றை ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொள்கிறோம் என்று ஆவணத்தில் பிரித்துக் காட்டுங்க. பாதுகாப்புக் குழு முதலில் தேடுவது அந்தப் பகுதியைத்தான்.

பனைமரம்:
நன்றி, பிழைகளிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாவற்றையும் டிராஃப்டாக (வரைவாக) திறக்கிறோம். அதில் எச்சரிக்க வேண்டியது ஏதாவது உண்டா? டெஸ்ட் கட்டளைகளையும் கருவியின் ஆவணத்திலேயே வைக்கலாமா?

பதில் (நூல்கண்டு):
டிராஃப்டாக இருக்கும்வரை கோட் ஓனர்களுக்கு (குறிப்பிட்ட கோப்புகளுக்குப் பொறுப்பானவர்கள்) தானாக ரிவியூ அழைப்பு போகாது. ரெடி என்று மாற்றும் பொறுப்பு யாருடையது என்று பெயரிட்டு எழுதுங்கள், இல்லாவிட்டால் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். டெஸ்ட் கட்டளைகள் ரெப்போவுக்கு ரெப்போ மாறும். அவற்றை அந்தந்த ரெப்போவின் ஏஜென்ட்ஸ் கோப்பில் (ஏஜென்ட்களுக்கான குறிப்புகள் உள்ள AGENTS.md) வைத்து, கருவியின் ஆவணத்திலிருந்து அதைச் சுட்டினால் போதும்.