முதல் நூல்: சொந்தச் செலவில் அச்சிட்டால் கணக்கை எப்படிப் போடுவது?

கேள்வி:
வணக்கம். என் சிறுகதைகளில் பன்னிரண்டைத் தேர்ந்து, டெமி அளவில் 160 பக்கம் வரும் தொகுப்பாகச் சொந்தச் செலவில் கொண்டுவர எண்ணியுள்ளேன். படி கூடக் கூட அடக்கவிலை குறையும் என்று சொல்லி, அச்சகத்தார் ஆயிரம் படி அடிக்கச் சொல்கிறார். எத்தனை படி அடிப்பது, என்ன விலை வைப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஆயிரம் வேண்டாம். என் முதல் கவிதை நூலை நானும் அப்படித்தான் அடித்தேன்; ஆறு ஆண்டு கழித்துப் பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது, அடிக்கட்டுகளைக் கரையான் அரித்திருக்க, அட்டை மட்டும் கையோடு வந்தது. 300 போதும்.

விலையைக் கடைக்காரர் கழிவிலிருந்து, அதாவது விற்றுத் தருவதற்காக அவர் பிடித்துக்கொள்ளும் பங்கிலிருந்து, தொடங்கிக் கணக்கிடுங்கள். படிக்கு அச்சுச் செலவு 70 ரூபாய், விலை 200 என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதக் கழிவு போக உங்களுக்கு வருவது 120. அச்சுச் செலவையும் கழித்தால் 50. மெய்ப்புத் திருத்தம் (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது), அட்டை வடிவமைப்பு இரண்டுக்கும் 15,000 ரூபாய் ஆகியிருந்தால், 300 படியும் கடைவழி விற்றுத் தீர்ந்தாலும் போட்ட பணம் திரும்புமே தவிர ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. ஆகவே நேரடியாக எத்தனை படி விற்க முடியும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். அதற்காக மெய்ப்புச் செலவில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

மறுமொழி 2:
ஐ.எஸ்.பி.என். என்னும் பன்னாட்டு நூல் அடையாள எண்ணுக்குப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது. நூலகங்களுக்கு நூல் வழங்குவது பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டிய படிகளையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரு பதிப்பகத்தார், அச்சுச் செலவை நான் ஏற்றால் தங்கள் பெயரில் வெளியிடுவதாகச் சொல்கிறார்கள். ஒப்பந்தம் மட்டும் தேவையில்லை என்கிறார்கள்.

மறுமொழி 3:
எழுத்தில் வாங்காமல் ஒரு படிகூட அச்சேற விடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. ஆவணத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா முழுதும் என்றும் கொள்ளப்படும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உரிமைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். முதலீடு உங்களுடையது என்பதால், வழக்கமான 10 சதவீத ராயல்டிக்கு ஒப்புக்கொள்வது நியாயமாகாது. விற்பனை வரவில் பங்கு கேளுங்கள். இருப்புக் கணக்கை எந்தெந்த மாதத்தில் தருவார்கள் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.