துளையிடும் ரிக்குக்கு அடியில் போடும் ஆயில் தடுப்புத் தளம்: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டீசலும் ஹைட்ராலிக் ஆயிலும் மண்ணில் இறங்காமல் இருக்க, ரிக்குக்கு அடியில் இதுவரை தடித்த பிளாஸ்டிக் விரிப்பைத்தான் போட்டு வந்தோம். ரிக்கைத் தாங்கி நிறுத்தும் ஜாக் கால்களை இறக்கியதுமே, கால் பதியும் இடத்தில் விரிப்பு கிழிந்துவிடுகிறது. போன வாரம் ஹோஸ் வெடித்தபோது ஆயில் நேராக அந்தக் கிழிசலைத் தேடித்தான் போனது!

இப்போது துண்டு துண்டாகக் கோத்துப் போடும், விளிம்பு உயர்ந்த தளம் வாங்கலாம் என்று யோசனை. பெரிய டேங்கின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும் என்ற கணக்கு தெரியும். ஆனால் மழை பெய்தால் பாதி இடத்தைத் தண்ணீரே பிடித்துக்கொள்ளுமே? மேலே ஆயில் படலம் மிதக்கும்போது தண்ணீரை மட்டும் எப்படி வடிக்கிறீர்கள்? அப்புறம், ஜாக் காலுக்கு அடியில் மரக்கட்டை போதுமா, இரும்புத் தகடு வேண்டுமா? விற்பவர்கள் தளம் தாங்கும் மொத்த எடையை மட்டும்தான் சொல்கிறார்கள்; எங்களுக்குப் பிரச்சினையே அந்த நாலு கால்தான்.